லாரி ஹோம்ஸுக்கு உரிய மரியாதை கிடைத்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டையின் உச்ச எடைப்பிரிவான ஹெவிவெயிட்டைப் பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால் முகமது அலி வருவார், டைசன் வருவார், ஜோ ஃப்ரேசரும் ஃபோர்மனும் வருவார்கள். லாரி ஹோம்ஸ் பெயரை யாராவது எடுத்தால் பேச்சு சட்டென்று இரண்டாகப் பிரிந்துவிடும். "அவரை மறந்துவிட்டார்கள்" என்று ஒரு தரப்பு, "மறக்கிற அளவுக்குத்தான் அவர்" என்று இன்னொரு தரப்பு. அந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. நான் எந்தப் பக்கம் என்பது முதல் இரண்டு பதிலிலேயே தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

யார் இந்த லாரி ஹோம்ஸ்?

1949-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கத்பர்ட்டில் பிறந்து, பென்சில்வேனியாவின் ஈஸ்டன் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. கார் கழுவும் இடத்தில் மணிக்கு 1 டாலர் கூலிக்கு வேலை பார்த்தார். 1973-இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். 1978 ஜூனில் கென் நார்ட்டனை வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1985 செப்டம்பர் வரை, ஏழு வருடத்துக்கு மேல், அந்தப் பட்டத்தைக் கையை விட்டு விடவில்லை. மொத்தம் 75 போட்டி, 69 வெற்றி, அதில் 44 நாக் அவுட், 6 தோல்வி. கடைசிப் போட்டி 2002-இல், 52 வயதில்.

இவ்வளவு இருக்கிறதே, ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார். அப்புறம் என்ன குறை?

நிபுணர்கள் விஷயத்தில் குறையே இல்லை. சர்வதேசக் குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேம் 2008-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆக வேண்டும் என்ற விதி முடிந்த கையோடு கூப்பிட்டுவிட்டார்கள். ஈஸ்டனில் அவர் பெயரில் சாலை இருக்கிறது, 2015-இல் சிலையும் வைத்தார்கள்.

குறை ரசிகர்களிடம். அவர் போட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 1980-இல் அலியோடு மோதியது அலியின் சோகக் கதையாக நினைவிருக்கிறது. 1982-இல் ஜெர்ரி கூனியோடு மோதியது அமெரிக்க நிறவெறியின் கதை. அதே வருடம் ராண்டல் காப் என்பவரை 15 ரவுண்டும் அடித்து நொறுக்கினார். அந்தப் போட்டி இன்று யாருக்காவது ஞாபகம் இருந்தால், வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் அதைப் பார்த்து வெறுத்துப்போய்த் தொழில்முறைக் குத்துச்சண்டை வர்ணனைக்கே முழுக்குப் போட்டார் என்பதற்காகத்தான். 1985 தோல்வி ஸ்பிங்க்ஸின் சாதனை, 1988 தோல்வி டைசனின் எழுச்சி. ஜெயித்தாலும் தோற்றாலும் கதை வேறு ஒருவருடையதாகிவிடுகிறது. ஏழு வருடம் சாம்பியனாக இருந்த மனிதர் தன் போட்டிகளிலேயே துணை நடிகர் ஆகிப்போனார். எனக்கு உறுத்துவது அதுதான்.

அலியை அடித்ததால்தான் ஜனங்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதா?

பெரும்பகுதி அதுதான். ஆனால் அந்த இரவைப் பற்றிப் பலர் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

ஹோம்ஸ் அலியின் சீடர் மாதிரி. எழுபதுகளின் முதல் பாதியில் அலியின் டீர் லேக் பயிற்சி முகாமில் அவருக்கு ஸ்பாரிங் பார்ட்னராக, அதாவது பயிற்சிக்காக மோதும் ஆளாக, வேலை செய்தார். ஒருநாள் அலியின் குத்தில் கண் கறுத்து வீங்கியது. ஐஸ் வைக்கச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். ஊருக்குப் போய், அலி கொடுத்த காயம் என்று எல்லோரிடமும் காட்ட வேண்டுமாம். அப்படிப்பட்ட ரசிகர்.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலிக்கு 38 வயது, இரண்டு வருடமாகப் போட்டியே இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிட்டு உடம்பை இளைத்திருந்தார். பார்க்க அழகாக இருந்தார், உள்ளே தெம்பு இல்லை. பத்து ரவுண்டு நடந்தது. ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களும் பத்தையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். அலியிடமிருந்து குத்து என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. பாதிக்கு மேல் ஹோம்ஸ் அடிக்கும் வேகத்தைக் குறைத்ததும், போட்டியை நிறுத்தும்படி ரெஃப்ரியைப் பார்த்ததும் வீடியோவில் தெரிகிறது. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்றார். அலி தன் வாழ்க்கையில் போட்டியை முடிக்காமல் தோற்றது அந்த ஒரே முறைதான். ஹோம்ஸ் ஜெயித்த பிறகு அழுதார்.

அதே 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியிருந்தார். அன்று பார்த்தவர்கள் இன்றும் வட சென்னையில் அதைச் சொல்லிப் பூரிப்பார்கள். அந்த மனிதரைத்தான் சில மாதம் கழித்து இந்த ஆள் இப்படி அடித்தார் என்று கேள்விப்பட்டால் நம் ஊரிலேயே கோபம் வரும், அமெரிக்காவில் கேட்கவா வேண்டும்?

அவர் என்ன செய்திருக்க முடியும்? மறுத்திருந்தால் பயந்துவிட்டார் என்றிருப்பார்கள். விட்டுக்கொடுத்து ஆடியிருந்தால் மோசடி என்றிருப்பார்கள். அடித்தார், இரக்கமில்லாதவர் என்றார்கள். அந்தப் போட்டிக்கு அனுமதி கொடுத்த ஆணையத்தையும் ஏற்பாடு செய்தவர்களையும் யாரும் இவ்வளவு காலம் திட்டவில்லை.

அவர் காலத்தில் எதிராளிகளே சரியில்லை என்கிறார்களே? அலிக்கு ஃப்ரேசர், ஃபோர்மன் இருந்தார்கள். இவருக்கு யார்?

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எண்பதுகளின் இளம் ஹெவிவெயிட்களில் பலர் திறமை இருந்தும் போதையிலும் சோம்பலிலும் வீணாகிப் போனவர்கள். ஒரு போட்டிக்கு ஒழுங்கான உடம்போடு வருவார்கள், அடுத்ததற்குத் தொப்பையோடு வருவார்கள்.

ஆனால் மைக் வீவர், ட்ரெவர் பெர்பிக், டிம் விதர்ஸ்பூன், ஜேம்ஸ் ஸ்மித் ஆகிய நால்வரையும் ஹோம்ஸ் வென்றார். நால்வருமே அவரிடம் தோற்ற பிறகு ஏதாவது ஒரு அமைப்பின் உலகப் பட்டத்தை வென்றவர்கள். அவரிடம் தோற்றபோது "சோப்ளாங்கி", வேறொருவரை ஜெயித்தபோது "உலக சாம்பியன்" என்றால் அது என்ன கணக்கு? இதுபோக நார்ட்டன் இருக்கிறார், எர்னி ஷேவர்ஸ் இருக்கிறார். நார்ட்டன் அலியின் தாடையை உடைத்தவர். ஷேவர்ஸின் வெற்றிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் நாக் அவுட்.

இன்னொன்று. ஜோ லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தார், ஹெவிவெயிட்டில் அதுதான் சாதனை. அவர் எதிராளிகளையும் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் மாதத்துக்கு ஒரு சோதா என்ற கணக்கில் கேலி செய்தன. இன்று அந்தக் கேலியை வைத்து லூயிஸின் இடத்தை யாரும் குறைப்பதில்லை. ஹோம்ஸ் விஷயத்தில் மட்டும் கேலியே தீர்ப்பாக நின்றுவிட்டது. அவர் பட்டத்தைக் காத்தது 20 முறை. ஜோ ஃப்ரேசரின் மகன் மார்விஸ் ஃப்ரேசருடன் நடந்ததைச் சிலர் சேர்ப்பதில்லை, அப்படியானால் 19. அதில் முதல் எட்டும் வரிசையாக, எதிராளியால் முழுப் போட்டியையும் முடிக்க முடியாமல் போனவை.

அவர் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், பலமானவர்களைத் தவிர்த்தார் என்பது உண்மையா?

கடைசி இரண்டு மூன்று வருடத்தில், ஆமாம். ஹோம்ஸ் ரசிகர்கள் இதை மழுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

1983-இல் கிரெக் பேஜோடு மோதியே ஆக வேண்டும் என்று உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் சொன்னது. ஹோம்ஸ் அந்தப் பட்டத்தையே விட்டுவிட்டு, அப்போதுதான் முளைத்திருந்த சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பட்டத்துக்கு மாறினார். பணம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதற்குச் சற்று முன்பு பத்தே போட்டி ஆடியிருந்த மார்விஸ் ஃப்ரேசரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். அதில் அவருக்கு என்ன பெருமை? விதர்ஸ்பூனும் கார்ல் வில்லியம்ஸும் அவரை நன்றாகத் திணறடித்தார்கள். வில்லியம்ஸ் போட்டியில் தீர்ப்பு வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். இருவருக்கும் மறுவாய்ப்பு கொடுக்கவில்லை. மற்ற அமைப்புகளின் பட்டத்தை வைத்திருந்தவர்களோடு மோதி ஒரே சாம்பியன் ஆகவும் இல்லை.

இதெல்லாம் அவர் கணக்கில் பற்று எழுத வேண்டியவைதான். ஆனால் 1978 முதல் 1982 வரையிலான ஹோம்ஸ் யாரிடமிருந்தும் ஒளியவில்லை.

அவர் ஜாபில் அப்படி என்ன விசேஷம்?

ஜாப் என்றால் முன்னால் நீட்டி வைத்திருக்கும் கையால் நேராகக் குத்துவது. பெரும்பாலானோர் அதைத் தூரம் பார்க்கவும் எதிராளியைத் தொந்தரவு செய்யவும் வைத்திருப்பார்கள். ஹோம்ஸுக்கு அதுவே முக்கிய ஆயுதம்.

அவர் இடது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி வைக்காமல் நெஞ்சு மட்டத்தில் தளர்வாக விட்டிருப்பார். குத்து அங்கிருந்து கிளம்பும். கண்ணுக்குக் கீழிருந்து மேலே வருவதால் எதிராளி கவனிப்பதற்குள் மூக்கில் வந்து நிற்கும். குத்திய கை திரும்புவதற்குள் கால் ஒரு அடி நகர்ந்திருக்கும். எதிராளி திருப்பி அடிக்க நினைக்கும் இடத்தில் ஆள் இருக்கமாட்டார். அந்த இடைவெளியில் இரண்டாவது ஜாப். இப்படியே மூன்று ரவுண்டு போனால் எதிராளியின் கண் வீங்கும், மூச்சு வாங்கும், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டே நிற்கப் பழகிவிடுவார். அதற்குப் பிறகுதான் வலது கை வரும்.

இதில் ஒரு சிக்கல். இந்த ஆட்டம் தெரிந்தவர்களுக்கு விருந்து, தெரியாதவர்களுக்கு ஒரே மாதிரி. டைசனின் நாக் அவுட்டை பத்து விநாடி வீடியோவில் காட்டலாம். எதிராளி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போவதைக் காட்ட ஒரு மணி நேரம் வேண்டும். அவர் பெயர் பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம், அவ்வளவாக யாரும் பேசாத காரணம்.

அடி வாங்கினால் தாங்குவாரா? அமெச்சூர் காலத்தில் தைரியம் இல்லாதவர் என்று பெயர் இருந்ததாமே?

இருந்தது. 1972 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் டுவேன் பாபிக்கிடம் தகுதிநீக்கத்தில் தோற்றார். அடி வாங்கியதும் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தார் என்பது புகார். "இவனுக்கு நெஞ்சுரம் இல்லை" என்ற பேச்சு வெகுநாள் கூடவே வந்தது.

அதற்குப் பதில் 1979 செப்டம்பர் 28-இல் கிடைத்தது. ஷேவர்ஸுடன் இரண்டாவது போட்டி, ஏழாவது ரவுண்டு. அதுவரை ஹோம்ஸ் வசதியாக முன்னிலையில் இருந்தார். ஷேவர்ஸின் வலது கை மேலிருந்து வளைந்து வந்து தாடையில் இறங்கியது. ஹோம்ஸ் மல்லாக்க விழுந்தார். அந்தக் குத்து வாங்கி எழுந்தவர்கள் குறைவு. இவர் எழுந்தார், தள்ளாடினார், ஷேவர்ஸ் வெறியோடு வீசிய குத்துகளை நழுவியும் பிடித்தும் அந்த ரவுண்டைக் கடத்தினார். அடுத்த ரவுண்டிலிருந்து பழையபடி ஜாப். பதினொன்றாவது ரவுண்டில் ஷேவர்ஸை அடிக்க விடாமல் ரெஃப்ரி நிறுத்த வேண்டி வந்தது ஹோம்ஸைத்தான்.

1981-இல் ரெனால்டோ ஸ்னைப்ஸ் வீழ்த்தியபோதும் இதே கதை. ஏழாவதில் விழுந்தார், பதினொன்றாவதில் முடித்தார். ஏதோ வேண்டுதல் மாதிரி.

கூனி போட்டியில் நிறம் எவ்வளவு தூரம் புகுந்தது?

முழுக்க முழுக்க. ஜெர்ரி கூனி வெள்ளையர், நெடியவர், 25 போட்டியிலும் தோற்காதவர், பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் இடது ஹூக் பயங்கரம். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல போட்டி. வெள்ளையர்களின் நம்பிக்கை நட்சத்திரம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். டைம் பத்திரிகை அட்டையில் கூனியைப் போட்டது, பக்கத்தில் நடிகர் சில்வஸ்டர் ஸ்டலோன். சாம்பியனுக்கு அதில் இடமில்லை. சாம்பியனைக் கடைசியாக அறிமுகப்படுத்துவது மரபு. அன்று ஹோம்ஸை முதலில் அறிவித்தார்கள். சவாலுக்கு வந்தவருக்கும் சாம்பியனுக்கும் ஊதியம் ஆளுக்கு 1 கோடி டாலர் அளவில் சமம். மிரட்டல்கள் வந்ததால் கட்டடங்களின் கூரையில் துப்பாக்கியோடு போலீஸ்.

1982 ஜூன் 11. ஹோம்ஸ் கூனியை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார், பதின்மூன்றாவதில் முடித்தார். தாழ்வாக அடித்ததற்காகக் கூனிக்கு மூன்று புள்ளிகள் கழிக்கப்பட்டன. அந்தக் கழிவு இல்லாவிட்டால் இரண்டு நடுவர்களின் புள்ளி அட்டையில் போட்டியை நிறுத்தும் வரை கூனிதான் முன்னிலை. போட்டியை முழுதாகப் பார்த்தவர் எவருக்கும் அந்த அட்டைகள் எப்படி அப்படி வந்தன என்று புரியாது. எனக்கும் புரிந்ததில்லை.

இருவரும் பிற்காலத்தில் நல்ல நண்பர்கள் ஆனார்கள். கூனி ஒருபோதும் அந்த விளம்பரத்தின் பாஷையில் பேசியவர் இல்லை.

மார்சியானோவைப் பற்றி அவர் அப்படிப் பேசியிருக்கலாமா?

பேசியிருக்கக் கூடாது. விவரம் தெரியாதவர்களுக்கு: ராக்கி மார்சியானோ 49 போட்டியில் 49 வெற்றியோடு ஓய்வு பெற்றவர். ஹோம்ஸ் 48-க்கு 48 என்று வந்து நின்றார். 1985 செப்டம்பர் 21-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை ஜெயித்தால் சமம். மார்சியானோவின் கடைசிப் போட்டி நடந்து சரியாக 30 வருடம் ஆன நாள் அது. ஸ்பிங்க்ஸ் எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தவர். லைட் ஹெவிவெயிட் சாம்பியன் யாரும் அதுவரை ஹெவிவெயிட் பட்டத்தை வென்றதில்லை. ஸ்பிங்க்ஸ் வென்றார், மிகச் சில புள்ளி வித்தியாசத்தில்.

மார்சியானோ 1969-லேயே இறந்துவிட்டார், அவர் குடும்பத்தார் அன்று வந்திருந்தார்கள். தோற்ற எரிச்சலில், நிருபர்கள் முன்னால், மார்சியானோ தன் லங்கோட்டைச் சுமக்கக்கூட லாயக்கில்லை என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர் பெயரைத் தேடினால் 20 பட்டப் போட்டிகளுக்கு முன்னால் அந்த ஒரு வாக்கியம்தான் வந்து நிற்கிறது. அலி ஃப்ரேசரைக் கொரில்லா என்றே மேடை மேடையாகச் சொன்னார். அதை ரசிகர்கள் விளம்பர உத்தி என்று செரித்துக்கொண்டார்கள். இவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மறுபோட்டி 1986 ஏப்ரலில். பிளவுபட்ட தீர்ப்பில், அதாவது மூன்று நடுவர்களில் ஒருவர் மாற்றிச் சொன்ன தீர்ப்பில், மறுபடியும் ஸ்பிங்க்ஸ். ஹோம்ஸ்தான் ஜெயித்தார் என்று சொல்பவர்கள் நிறையப் பேர், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். நேரடி ஒளிபரப்பிலேயே நடுவர்களைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொன்னார். வாய்தான் அந்த மனிதருக்கு எதிரி. 1991-இல் ஃப்ளோரிடாவில், தன்னிடம் வம்புக்கு வந்த பெர்பிக் மேல் கார் கூரையிலிருந்து பாய்ந்தார், அந்த வீடியோவும் இருக்கிறது.

டைசன் நாலே ரவுண்டில் முடித்துவிட்டாரே, அப்புறம் என்ன வாதம்?

1988 ஜனவரியில் டைசனுக்கு 21 வயது, ஹோம்ஸுக்கு 38. ஹோம்ஸ் அதற்கு முன் கடைசியாக ரிங்கில் ஏறி ஒன்றே முக்கால் வருடம். 75 போட்டியில் அவரை நிறுத்த முடிந்தது டைசன் ஒருவரால் மட்டுமே. 38 வயது அலியை ஹோம்ஸ் அடித்ததை வைத்து அலியை யாரும் எடை போடுவதில்லை, சரியாகத்தான் செய்கிறார்கள். அதே நியாயத்தை இங்கேயும் நீட்டினால் போதும்.

சரி, தரவரிசையில் எங்கே வைப்பீர்கள்?

அலி, லூயிஸ் இருவருக்கும் கீழே. மற்ற எவரோடும் தைரியமாக ஒப்பிடலாம். என் பட்டியலில் மூன்றிலிருந்து ஐந்துக்குள். எம்.ஜி.ஆர். படம் ஓடி முடிந்து ரஜினி படம் வருவதற்கு நடுவில் அதே தியேட்டரில் நல்ல படம் ஒன்று ஓடிய மாதிரிதான் அவர் நிலைமை. பார்த்தவர்களுக்கு அருமை தெரியும், ஊர் போஸ்டரில் பெயர் இல்லை.

பணத்தையாவது காப்பாற்றிக்கொண்டாரா?

காப்பாற்றினார். ஈஸ்டனிலேயே கட்டடம், ஓட்டல் என்று முதலீடு செய்தார். கோடிகளைச் சம்பாதித்துத் தெருவுக்கு வந்த சாம்பியன்கள் நிறைந்த தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

இதுவரை பார்த்ததில்லை. எந்தப் போட்டியிலிருந்து தொடங்கலாம்?

1978 நார்ட்டன் போட்டியிலிருந்து. நேரம் இல்லை என்றால் பதினைந்தாவது ரவுண்டை மட்டுமாவது பாருங்கள். போட்டிக்குச் சில நாள் முன்பு ஹோம்ஸின் இடது கையில் தசை கிழிந்திருந்தது. அந்தக் கையாலேயே குத்திக்கொண்டிருந்தார். பதினான்கு ரவுண்டு முடிந்தபோது மூன்று அட்டையிலும் இருவரும் சமம். கடைசி மூன்று நிமிடத்தில் இருவருமே தற்காப்பை மறந்து நின்ற இடத்தில் நின்று அடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு 143-142, 143-142 ஹோம்ஸுக்கு, 142-143 நார்ட்டனுக்கு. ஒரே ரவுண்டில் மாறியது உலகப் பட்டம்.

அடுத்து 1979 ஷேவர்ஸ், அதற்கடுத்து கூனி. அலி போட்டியைத் தவிர்த்துவிடலாம், அதில் ஹோம்ஸின் திறமையும் தெரியாது, அலியின் திறமையும் தெரியாது.

கடைசியாக 1992 பிப்ரவரியில் ரே மெர்சருடன் நடந்தது. மெர்சர் 1988 ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அதுவரை தோற்காதவர், வயது 30. ஹோம்ஸுக்கு 42. கால் முன்னைப்போல் நகராது என்று தெரிந்ததால் தானே போய் மூலையில் சாய்ந்துகொள்கிறார், மெர்சரை உள்ளே வரவிடுகிறார், வரும் வழியில் குத்துகிறார். 12 ரவுண்டும் ஆடி மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஜெயித்தார். நாலு மாதத்தில் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டுடன் பட்டப் போட்டி கிடைத்தது. அதில் தோற்றார், ஆனால் 12 ரவுண்டும் நின்றார்.